ஊர் நோயை எண்ணிய மருத்துவர்

மருத்துவமனை வாயிலுக்கு வரும் நோயாளி ஒவ்வொருவரும் இரண்டைச் சுமந்து வருகிறார். ஒன்று அவருடைய துன்பம். மற்றொன்று, அவர் வாழும் ஊரைப் பற்றிய செய்தி. துன்பத்தைத் தீர்ப்பது மருத்துவரின் கடமை என்பதை யாவரும் அறிவர். செய்தியைப் படித்தறிவதும் கடமையே என்பதை உணர்ந்தவர் சிலர். காய்ச்சலோடு வந்தவர் மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், அதே தெருவிலிருந்து அந்த வாரத்தில் இன்னும் எத்தனை பேர் வந்தனர் என்று எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. செய்தி பதிவேட்டின் பக்கங்களுக்குள்ளேயே புதைந்து போகிறது. ஊரே படுக்கையில் விழுந்த பின்னர்தான் நாம் விழித்துக்கொள்கிறோம்.

அந்தச் செய்தியைப் படிக்க முயன்ற ஒருவரின் வரலாறு இது. சர் ரொனால்டு ராஸ் என்னும் பெயரைப் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார்; நோபெல் பரிசு பெற்றார்; அவ்வளவோடு பாடநூல் நின்றுவிடுகிறது. அவர் நம் பெங்களூரில் வாழ்ந்தவர், நீலகிரிச் சரிவில் காய்ச்சலில் கிடந்தவர், வாழ்நாளின் பிற்பகுதியில் நோயை எண்ணும் கலையை வளர்த்தவர் என்பவை பலருக்குத் தெரியா. அவற்றை இங்குச் சிறிது விரிவாகக் காண்போம்.

விருப்பமில்லாத மருத்துவர்

1857-ஆம் ஆண்டு மே திங்கள் 10-ஆம் நாள் மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு மூன்றாம் நாள், மே 13-இல், குமாவோன் மலைநகரமான அல்மோராவில் ராஸ் பிறந்தார். தந்தையார் இந்தியப் படையில் அதிகாரி. பத்துக் குழந்தைகளில் இவரே மூத்தவர். எட்டு வயதில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர். உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

சிறுவனின் நாட்டமெல்லாம் கவிதையிலும் இசையிலும் ஓவியத்திலும் கணக்கிலும் இருந்தது. எழுத்தாளனாக வேண்டும் என்பது அவர் கனவு. மகன் இந்திய மருத்துவப் பணியில் சேரவேண்டும் என்பது தந்தையின் ஆணை. அந்த நாளிலும் இந்த நாளிலும் பல வீடுகளில் நிகழ்வதுதானே! தந்தையின் சொல் வென்றது. 1874-இல் இலண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் மாணவரானார். பாடத்தில் மனம் ஊன்றவில்லை. ஒரு தேர்வில் தேறினார்; மற்றொன்றில் தவறினார். அட்லாண்டிக் கடலைக் கடக்கும் கப்பலொன்றில் மருத்துவராகச் சிறிது காலம் வேலை பார்த்தார். மீண்டும் எழுதித் தேறி, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் இடம் பெற்றார்.

சென்னை மாகாணப் பிரிவில் அவர் அமர்த்தப்பட்டார். சென்னை, விசயநகரம், பர்மா, அந்தமான் என்று பணி அவரை ஊர் ஊராக இழுத்துச் சென்றது. வேலை குறைவு, ஓய்வு மிகுதி. அந்த ஓய்வில் கவிதை எழுதினார், நாவல் எழுதினார், கணித நூல்களில் மூழ்கினார். பிற்காலத்தில் அவரை உயர்த்தப் போவது அந்தக் கணிதம் என்பதை அன்று அவரே அறியார்.

தொட்டி நீர்

1883-இல் பெங்களூர்ப் படை முகாமில் தற்காலிக மருத்துவராக இருந்தபோது ஒரு சிறு நிகழ்ச்சி நேர்ந்தது. அவர் குடியிருந்த பங்களாவில் கொசுத்தொல்லை தாங்கவில்லை. மற்றவர் வீடுகளைவிடத் தம் வீட்டில் மட்டும் ஏன் இத்தனை கொசுக்கள் என்று தேடினார். சன்னலுக்கு வெளியே ஒரு நீர்த்தொட்டி இருந்தது. எட்டிப் பார்த்தால் நீரெல்லாம் நெளியும் புழுக்கள். தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் குறைந்தன. இதையே முகாம் முழுவதும் செய்யலாமே என்று மேலதிகாரி ஒருவரிடம் சொன்னார். இயற்கையின் ஒழுங்கில் தலையிடக் கூடாது என்று கூறி அவர் மறுத்துவிட்டாராம்.

கொசு நோய் பரப்பும் என்பது அன்று ராஸுக்கும் தெரியாது. ஆயினும் ஒரு பாடம் அவர் மனத்தில் தங்கியது. தொல்லை எங்கே மிகுதி, எங்கே குறைவு என்று ஒப்பிட்டுப் பார்த்தால், அதன் பிறப்பிடம் தானே வெளிப்படும். எல்லா வீடுகளிலும் கொசு உண்டு என்று சொல்லி அமைந்திருந்தால் தொட்டி கண்ணில் பட்டிருக்காது. நோயை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் அதன் காரணத்தைத் தேடுமாறு திருக்குறளின் மருந்து அதிகாரம் நமக்குச் சொல்லவில்லையா? அந்தத் தேடலின் முதற்படி அவருக்குப் பெங்களூரில் அமைந்தது.

1888-இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றார். இம்முறை சும்மா இருக்கவில்லை. பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் பெற்றார். கிருமி இயலும் கற்றார். 1889-இல் ரோசா புளொக்சம் என்னும் பெண்மணியை மணந்து இந்தியாவுக்குத் திரும்பினார்.

ஐயமும் தெளிவும்

மலேரியா அந்நாளில் இந்தியாவை அரித்துக்கொண்டிருந்தது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று நெடுங்காலமாக நம்பிவந்தனர். மலேரியா என்ற சொல்லுக்கே அதுதான் பொருள். 1880-இல் அல்சீரியாவில் இலவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் இரத்தத்தில் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். ராஸ் தம் நோயாளிகளின் இரத்தத்தில் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. இலவெரான் சொன்னது தவறு என்றே எழுதினார்.

1894-இல் இலண்டனில் பாட்ரிக் மேன்சன் என்ற பெரியவரைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனாவில் கண்டறிந்தவர் அவர். மேன்சன் ராஸுக்கு மலேரியாக் கிருமியை நேரே காட்டினார். இதுவும் கொசுவின் வழியே பரவுவதாக இருக்கலாம் என்ற தம் கருத்தையும் சொன்னார். ராஸின் ஐயம் நீங்கியது, ஆர்வம் பற்றிக்கொண்டது. 1895-இல் பம்பாயில் வந்திறங்கியவர், தம் பெட்டிகள் சுங்கச் சாவடியை விட்டு வெளிவருமுன்னரே அரசு மருத்துவமனைக்குச் சென்று மலேரியா நோயாளிகளைத் தேடினார் என்பர்.

தண்டில் காலரா

செகந்தராபாத்தில் ஆராய்ச்சி சூடுபிடித்த வேளையில், 1895 செப்டம்பரில், பெங்களூருக்குச் செல்லுமாறு ஆணை வந்தது. அங்கே காலரா பரவியிருந்தது. மலேரியா ஆராய்ச்சி தடைப்படுகிறதே என்று அவர் வருந்தினார். ஆனால் அந்தத் தடையே அவருக்கு இரண்டாம் பள்ளிக்கூடமாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது.

அன்றைய பெங்களூர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பாதி, மைசூர் அரசின் ஆட்சியில் இருந்த பேட்டை நகரம். மறு பாதி, ஆங்கிலேயர் நேராக ஆண்ட படைக்குடியிருப்பு. மக்கள் அதைத் தண்டு என்றே அழைத்தனர். படையைத் தொடர்ந்து ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளரும் வணிகரும் அங்குக் குடியேறியிருந்தனர். அல்சூர் முதலிய இடங்களில் தமிழ் ஒலி நிறைந்திருந்தது. குடிநீருக்குக் கிணறும் ஏரியுமே துணை. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய ஹெசரகட்டா நீர்த்திட்டம் 1896-இல்தான் நிறைவேறியது.

காலராவை எதிர்ப்பவர் நோயாளியின் படுக்கையருகிலேயே நின்றுகொண்டிருக்க இயலாது. வாந்தியும் பேதியுமாக வந்தவர் எந்தத் தெருவினர்? எந்தக் கிணற்று நீரைக் குடித்தார்? அந்தக் கிணற்றுக்கு அருகே கழிவு தேங்குகிறதா? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் ஒருவரைக் குணப்படுத்தி அனுப்பினால், அதே கிணறு மறுநாள் இருவரை அனுப்பும். 1854-இல் இலண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இதை உலகுக்குக் காட்டியிருந்தார். காலராவால் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, பிராடு தெருவிலிருந்த ஒரு குழாயடியைச் சுற்றியே இறப்புகள் குவிந்திருந்ததைக் கண்டார். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். காலராக் கிருமியை ராபர்ட் காக் அடையாளம் காட்டியது அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான். கிருமியின் உருவம் தெரியும் முன்னரே, முகவரிகளைக் கூட்டிப் பார்த்தவர் நோயின் பாதையைக் கண்டுகொண்டார்.

மருத்துவமனையிலிருந்து தெருவுக்கு இறங்கும் இந்த வேலைதான் பெங்களூரில் ராஸின் கையில் வந்து சேர்ந்தது. தண்டின் துப்புரவு முழுவதையும் அவர் ஆராய வேண்டியிருந்தது. 1896-இல், காலராவையும் பொதுச் சுகாதாரத்தையும் அங்கிருந்த சுகாதாரத் துறையின் விதிகளையும் பற்றி விரிவான அறிக்கையொன்று எழுதி வெளியிட்டார். கிருமியைத் தேடிய ஆராய்ச்சியாளர், ஊரைப் பார்க்கும் சுகாதாரியாகவும் ஆனார். அரசின் முதற்கவலை அங்கிருந்த வெள்ளைப் படையின் உடல்நலமே என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் நோய் ஆளைப் பார்த்து வருவதில்லை. படைவீரருக்குக் காய்ச்சும் பாலும் துவைக்கும் துணியும் அவர்களைச் சுற்றி வாழ்ந்த எளிய மக்களின் குடிசைகளிலிருந்தே சென்றன. ஒரு பாதியை மட்டும் காக்க முடியாது என்பதே அக்காலராவின் பாடம்.

சிகூரும் செகந்தராபாத்தும்

1897-இல் விடுமுறை பெற்று உதகமண்டலம் சென்றார். ஓய்வெடுக்கச் சென்றவர், மலேரியாவுக்குப் பேர்போன சிகூர் மலைச்சரிவுக்கு இறங்கினார். நாள்தோறும் கொய்னா மருந்து உண்டும் கடுங்காய்ச்சலில் விழுந்தார். எழுந்தபின் மீண்டும் தேடினார். சுவரில் உடலைச் சாய்த்து அமர்ந்திருந்த, சிறகில் புள்ளிகள் கொண்ட கொசு ஒன்றை அங்குக் கண்டார். அதுவரை அவர் அறுத்துப் பார்த்த கொசுக்கள் வேறு இனத்தவை. இதை மனத்தில் குறித்துக்கொண்டார். இன்று அனாபிலிஸ் என்று நாம் அழைக்கும் இனம் அதுவே.

செகந்தராபாத் திரும்பியபின் பேகம்பேட்டை மருத்துவமனையில் இரவுபகலாக உழைத்தார். கோடை முடிந்தும் வெப்பம் குறையவில்லை. விசிறி ஆட்டினால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்று பங்காவையும் நிறுத்திவிட்டார். வியர்வை பட்டு நுண்பெருக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. ஆகஸ்டு 16-ஆம் நாள், உசேன்கான் என்ற நோயாளியைப் புள்ளிச்சிறகுக் கொசுக்கள் கடிக்குமாறு செய்தார். ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. 20-ஆம் நாள் அக்கொசுக்களுள் ஒன்றை அறுத்து அங்குலம் அங்குலமாக நோக்கினார். வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள்கள் பொதிந்த உருண்டைகள் தெரிந்தன. மறுநாள் அறுத்த கொசுவில் அவை இன்னும் பெரிதாகியிருந்தன. மனித இரத்தத்துக் கிருமி கொசுவின் உடலில் வளர்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த ஆகஸ்டு 20-ஆம் நாளைத்தான் உலகக் கொசு நாளாக இன்றும் நினைவுகூர்கின்றனர்.

உசேன்கானைப் பற்றி ஒரு சொல். அவர் பெற்றது சில அணாக்கள். உலகம் அவர் உடலிலிருந்து பெற்றது ஒரு பேருண்மை. அப்பேருண்மையின் பொருள் அவருக்கு எடுத்துச் சொல்லப்பட்டதா என்பதற்கு வரலாற்றில் இடமில்லை. நோயாளியிடமிருந்து நாம் பெறும் ஒவ்வொரு செய்தியும் ஒரு கடன். அக்கடனை அவர் வாழும் தெருவுக்கே திருப்பித் தரவேண்டும் என்ற எண்ணம் நமக்கு எப்போதும் இருத்தல் நலம்.

வெற்றி கிடைத்த மறு திங்களே, மலேரியா அரிதாக இருந்த இராசபுதனத்துக் கேர்வாரா என்னும் இடத்துக்கு அரசு அவரை மாற்றியது! பல மாதங்கள் வீணாயின. மேன்சனின் முயற்சியால் 1898-இல் கல்கத்தாவுக்கு வந்தார். மனிதரிடம் ஆய்வு செய்ய வழியில்லாமல் பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்சு என்ற உதவியாளர் உடனிருந்து உழைத்தார். சூலைத் திங்களில் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டார்; நோயுற்ற பறவையைக் கடித்த கொசுக்கள் நலமான பறவைகளுக்கு நோயைக் கொண்டுசேர்ப்பதையும் மெய்ப்பித்தார். அதே ஆண்டில் இத்தாலியில் கிராசியும் அவர் தோழர்களும் மனித மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை முழுமையாக நிறுவினர்.

எண்ணிக்கையே சான்று

1899-இல் ராஸ் இந்தியாவை விட்டுச் சென்று லிவர்ப்பூலில் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு அவருக்கு வந்தது. பலர் இத்துடன் கதையை முடித்துவிடுவர். உண்மையில் அவருடைய வாழ்வின் அரிய பகுதி இனித்தான் தொடங்குகிறது.

கொசுவே காரணம் என்று தெரிந்துவிட்டது. கொசுவைக் குறைத்தால் நோய் குறையுமா? குறைந்தது என்று எப்படி அறிவது? இதுவே அவர் கேட்ட வினா. 1902-இல் சூயசுக் கால்வாய்க் கம்பெனி அவரை எகிப்தில் உள்ள இசுமாயிலியா நகருக்கு அழைத்தது. தேங்கிய நீரை வடித்தும், வடிக்க முடியாத இடங்களில் எண்ணெய் தெளித்தும் கொசுவை ஒழிக்கும் வழியை அவர் வகுத்துத் தந்தார். கம்பெனி மருத்துவர்கள் ஆண்டுதோறும் காய்ச்சல் நோயாளிகளைப் பதிவுசெய்து வந்திருந்தனர். அந்தப் பதிவேடே வெற்றிக்குச் சான்று கூறியது. 1900-இல் அங்கு 2,284 பேருக்குக் காய்ச்சல். 1903-இல் 214 பேர். 1905-இல் 37 பேர்தாம். பழைய ஆண்டுகளின் கணக்கு இல்லாதிருந்தால், 37 என்பது மிகுதியா குறைவா என்று யார் சொல்ல முடியும்?

இதற்கு மாறான நிகழ்ச்சி நம் துணைக்கண்டத்திலேயே நடந்தது. இலாகூரை அடுத்த மியான் மீர் படைமுகாமில் கொசு ஒழிப்பு முயற்சி நடந்து, பயன் இல்லை என்று முடிவு கட்டப்பட்டது. ராஸ் கடுமையாக மறுத்தார். கொசு எத்தனை இருந்தது, எத்தனை குறைந்தது என்று அளக்காமல் பயன் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். அளவின்றிப் பேசும் பேச்சு அவருக்கு அறவே பிடிக்காது.

1907-1908-இல், நம் தமிழ் மக்கள் பலர் வாழும் மொரீசியசுத் தீவுக்குச் சென்றார். அங்கே ஊர் ஊராகக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார். மலேரியா பலமுறை தாக்கியவர்க்கு மண்ணீரல் வீங்கும். மருத்துவமனைக்கு வராதவர்களையும் கணக்கில் சேர்க்கும் வழி இது. வாயிலுக்கு வந்தவரை மட்டும் எண்ணினால் ஏழைகளின் நோய் கணக்கில் வராமற் போகும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இளமையில் பொழுதுபோக்காகக் கற்ற கணிதம் இப்போது கைகொடுத்தது. ஓர் ஊரில் எத்தனை மக்கள், அவர்களுள் எத்தனை நோயாளர், எத்தனை கொசு, ஒரு கொசு எத்தனை பேரைக் கடிக்கும் என்பவற்றைச் சமன்பாடுகளாக எழுதினார். அதிலிருந்து ஒரு முடிவு கிடைத்தது. கடைசிக் கொசுவரை கொல்லத் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொசுக்களின் தொகை இறங்கினால் நோய் தானே தேய்ந்து மறையும். 1916, 1917-ஆம் ஆண்டுகளில் ஹில்டா ஹட்சன் என்ற கணித அறிஞருடன் சேர்ந்து இக்கொள்கையை எல்லாத் தொற்றுநோய்களுக்கும் விரித்தார்.

அந்த விதை வீண்போகவில்லை. ராஸுடன் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்று பின்னர் இந்தியாவில் கசௌலி ஆய்வுநிலையத்தில் பணியாற்றிய மெக்கென்ட்ரிக், கெர்மாக் என்பவருடன் கூடி 1927-இல் கொள்ளைநோய்க் கணிதத்தை முழு உருவில் அமைத்தார். அதைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டவை பம்பாயில் 1905-1906-இல் பிளேக்கால் வாரந்தோறும் நேர்ந்த இறப்புகளின் எண்ணிக்கை. 2020-இல் கொரோனா பரவியபோது உலக அரசுகள் நம்பிய கணக்குகள் பலவும் அக்கணிதத்தின் வழிவந்தவையே. பம்பாயில் பெயர் தெரியாத எழுத்தர்கள் வாரந்தோறும் எழுதிவைத்த எண்கள், ஒரு நூற்றாண்டு கடந்து உலகுக்கு உதவின.

குறையும் நிறைவும்

ராஸ் குற்றமற்றவர் அல்லர். புகழில் பங்கு கேட்போரைக் கண்டால் சினம் பொங்கும். கிராசியுடன் அவர் நடத்திய சொற்போர் ஆண்டுக்கணக்கில் நீண்டு, இருவர் பெருமைக்கும் மாசு சேர்த்தது. தமக்கு உரிய பொருள் கிடைக்கவில்லை என்ற குறையும் இறுதிவரை அவரை அரித்தது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இலேயே மூத்த மகனைப் போர்க்களத்தில் இழந்தார், அத்துயரம் ஆறவேயில்லை. 1911-இல் சர் பட்டமும், 1926-இல் இலண்டனில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிலையமும் கிடைத்தன. மனைவியார் 1931-இல் காலமானார். அடுத்த ஆண்டு, 1932 செப்டம்பர் 16-ஆம் நாள், அந்த ஆய்வு நிலையத்திலேயே ராஸ் தம் 75-ஆம் வயதில் கண்மூடினார்.

நம் வாயிற்படியில்

இந்த வரலாறு நமக்கு எதற்கு? தமிழகத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் வரும் நாம் அத்திப்பள்ளி, சந்தாபுரம் கடந்து ஹெப்பகோடியைத் தாண்டியே நகருக்குள் நுழைகிறோம். ஆனேக்கல் வட்டத்துச் சிற்றூராக இருந்த ஹெப்பகோடி, தொழிற்பேட்டைகளால் நகராகி விட்டது. பல மாநிலத்துத் தொழிலாளர் நெருக்கமான அறைகளில் வாழ்கின்றனர். லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டியும் பீப்பாயும் எங்கும் உண்டு. 1883-இல் ராஸ் கவிழ்த்த தொட்டியை இங்கு வைத்துக் காணலாம். அதில் இன்று வளர்வது பெரும்பாலும் டெங்குவைப் பரப்பும் ஏடிசுக் கொசு. 2024-இல் கருநாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயென அறிவிக்க நேர்ந்தது என்றால் அதன் கொடுமையை உணரலாம்.

இப்படிப்பட்ட ஓரிடத்தில் மூன்று தொழிலாளர்க்கு ஒரே இரவில் கடுங்காய்ச்சல் வருகிறது என்று கொள்வோம். ஒருவர் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார். மற்றொருவர் வேறொன்றுக்கு. மூன்றாமவர் மருந்துக் கடையோடு நின்றுவிடுகிறார். இரு மருத்துவர்களும் நல்லவர்களே. நன்கு கவனித்து அனுப்பினர். ஆனால் மூவரும் ஒரே தெருவினர் என்பது எவருக்கும் தெரியாது. செய்தி மூன்று துண்டாகச் சிதறிவிட்டது.

சிதறியதைக் கூட்டும் முறை உலகில் வளர்ந்துள்ளது. நியூயார்க் நகரில் 2001-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் நாள்தோறும் சுகாதாரத் துறைக்குத் தகவல் அனுப்பத் தொடங்கின. வந்தவரின் வயது, வசிக்கும் வட்டாரம், என்ன சொல்லி வந்தார் என்ற குறிப்பு ஆகியவை போதும், பெயர் வேண்டுவதில்லை. காய்ச்சல், மூச்சுத்திணறல், வாந்திபேதி என்று வகைப்படுத்தி, வழக்கமான நாட்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவர். மிகுதி தென்பட்டால் விசாரிப்பர். இரத்தச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் முன்னரே எச்சரிக்கை கிடைப்பது இதன் சிறப்பு. பொய் எச்சரிக்கைகளும் எழும் என்பது இதன் குறை. ஆதலால் எண்ணைக் கண்டதும் நம்பாமல் தெருவில் இறங்கிப் பார்க்கும் ஆளும் வேண்டும்.

நம் நாட்டிலும் வழியில்லாமல் இல்லை. 1980-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஓர் எளிய முறையைக் கொண்டுவந்தார். அரசு மருத்துவரும் தனியார் மருத்துவரும், குறிப்பிட்ட நோய் என்று ஐயம் தோன்றிய அளவிலேயே ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடவேண்டும். அட்டைகளைக் கூட்டிப் பார்த்து, நோய் தோன்றிய இடத்துக்கு ஆட்கள் விரைவர். விலை மலிந்த அஞ்சலட்டை ஒரு மாவட்டத்துக்கே காவலாளி ஆயிற்று. பின்னர் 2004-இல் நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. களப்பணியாளர் ஐயுற்றவை, மருத்துவர் அறிகுறியால் கணித்தவை, சோதனைக்கூடம் உறுதிசெய்தவை என மூவகைப் படிவங்கள் வாரந்தோறும் மேலே சென்றன. 2021-இலிருந்து இவை கணினி வழிக்கு மாறின. சட்டகம் இருக்கிறது. அதை நிரப்பும் கைகள் சோர்ந்தால் அது வெறுங்கூடு.

மாணவத் தோழர்களே! நம்மில் மருத்துவம் கற்போர் உண்டு. கணினி கற்போர் உண்டு. புள்ளியியல் கற்போர் உண்டு. நள்ளிரவில் அவசரப் பிரிவில் பணிபுரியப் போகும் மருத்துவ மாணவர், நோயாளியின் இருப்பிடத்தையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் சோம்பாது எழுதட்டும். கணினி கற்போர், பெயரை மறைத்து எண்ணை மட்டும் காட்டும் வழிகளை அமைக்கட்டும். புள்ளியியல் கற்போர், வழக்கம் எது, மிகுதி எது என்று பிரித்துக் காட்டட்டும். கன்னடமும் இந்தியும் தெரியாமல் பதிவு மேசையின் முன் திகைத்து நிற்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கு உடன் நின்று, அவர் தெருவின் பெயரைச் சரியாக எழுதுவிப்பதற்கு எந்தப் பட்டமும் வேண்டா. அதை நம்மில் யாரும் செய்யலாம். கவிஞனாக விரும்பி, தந்தைக்காக மருத்துவனாகி, தேர்வில் தவறி, பணியில் அலைக்கழிக்கப்பட்ட ஒருவர், எண்ணுவதை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டார். அந்தப் பிடிவாதத்தில் ஒரு சிறு பங்கு நமக்கு இருந்தால், அடுத்த கொள்ளைநோயை அதன் முதல் வாரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.